நோயாளிகள் பட்டியலில் ஒரு பயில்வான்

மர்பி டவுன் கடைத்தெருவில் ஜெயராமனுடைய மருந்துக்கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்து எடுத்துக் கொடுத்துவந்த ஆம்ப்ரோஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாத்திரைகளை உறையிலிட்டு நீட்டும்போது அவர் கையை உடனே விட்டுவிடமாட்டார். உறையின் ஒரு முனையைத் தாம் பிடித்துக்கொண்டே, "யாருக்கு?" என்று கேட்பார். பதில் வந்த பிறகே பிடி தளரும். வாங்கியவர் படியிறங்கியதும், பழைய நாட்காட்டித் தாளைக் கத்தரித்து வைத்த சிறு துண்டொன்றில் நோயாளியின் பெயரையும் தெருவையும் எழுதிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். சனிக்கிழமை மாலை ஒருவரும் பாராத வேளையில் அத்துண்டுகளைக் கோயில் வாசலிலிருந்த மன்றாட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். மறுநாள் தமிழ்த் திருப்பலியில், மற்றவர்கள் போட்ட சீட்டுகளோடு சேர்த்து அந்தப் பெயர்களும் வாசிக்கப்படும். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுவதும் சொல்லும்போது ஆம்ப்ரோஸும் கடைசி வரிசையில் நின்று மெல்லச் சொல்லுவார்.

வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்பது அவர் கொள்கை. ஆகையால் சீட்டுகளில் தம் பெயரை எழுதுவதில்லை. அவர் ஏதோ சரக்குக் கணக்குக் குறிக்கிறார் என்றே முதலாளி ஜெயராமன்கூட எண்ணியிருந்தார். மூலநோய்க்காரருக்கும் தோல்நோய்க்காரருக்கும் நோயின் பெயரை எழுதாமல், 'உடல் நலம் வேண்டி' என்று பொதுவாக எழுதும் நாகரிகம் ஆம்ப்ரோஸிடம் இருந்தது. மற்ற நோய்களை வெளிப்படையாகவே எழுதுவார். மருந்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்பதில் அவருக்குச் சற்றும் ஐயமிருந்ததில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் பெரும்பாலும் அது பொய்த்ததுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், நான்காம் குறுக்குத் தெரு ஜோசஃபினுடைய மகன் கில்பர்ட் கடைக்கு வந்தான். இருபத்தேழு வயது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக். தொளதொளவென்று முழுக்கைச் சட்டை அணிந்திருந்தான்.

"அண்ணே, அந்தப் புரோட்டீன் பவுடர் டப்பா ஒண்ணு குடுங்க. பெருசு."

ஆம்ப்ரோஸ் ஏணியில் ஏறவில்லை. அந்த டப்பா மேல்தட்டில் இருப்பது. பிள்ளை பெற்ற பெண்களுக்கும், காசநோயிலிருந்து தேறுகிறவர்களுக்கும், அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கும் டாக்டர் எழுதிக் கொடுப்பது. கைகால் நன்றாக உள்ள ஒருவன் தானாக வந்து அதைக் கேட்டு அவர் கண்டதில்லை.

"சீட்டு எங்கப்பா?"

"சீட்டெல்லாம் இல்லண்ணே."

"யாருக்கு?"

கில்பர்ட் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "எனக்குத்தான்."

"உனக்கா? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மாண்ணே."

சும்மா ஒருவன் நோயாளியின் உணவை வாங்குவானா? ஆம்ப்ரோஸ் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. ஆனால் பத்தாம் நாள் கில்பர்ட் மீண்டும் வந்து நின்றான்.

"அதுக்குள்ளே தீர்ந்துபோச்சா?"

"தினம் மூணு வேளைண்ணே. வேளைக்கு மூணு ஸ்பூன்."

"பிள்ளை பெத்தவளுக்கே ரெண்டு வேளைதானேப்பா எழுதுவாங்க. எடை எப்படி இருக்கு?"

"அதாண்ணே கஷ்டம். மூணு மாசமா ஒரு கிலோகூட ஏறல." கில்பர்ட்டின் குரலில் உண்மையான துயரம் இருந்தது. "சாயங்காலமானா மூச்சு வாங்குது. காலையில எழுந்தா நெஞ்செல்லாம் வலி."

அவன் சொன்னவற்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அல்சூர்ப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜிம்மில் ஆறு மாதமாக அவன் எடை தூக்கிவந்தான். நெஞ்சுவலியும் மூச்சிரைப்பும் அங்கே உழைத்துப் பெற்ற செல்வங்கள். விவேக் நகரில் லவினா என்ற பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஒரு கிண்டர்கார்ட்டன் பள்ளியில் ஆசிரியை. கல்யாணக் கோட்டுக்குள் தோள் நிறைந்து நிற்கவேண்டும் என்பது அவன் ஆசை. ஆனால் தாய் ஜோசஃபின், "கல்யாணம் முடியற வரைக்கும் ஜிம்முன்னு வாயைத் தொறக்காதே. லவினாவோட அப்பா பேங்க்ல வேலை செய்யறவர். ரவுடிப் பையனுக்கா பொண்ணு குடுத்தோம்னு நினைப்பாங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எனவேதான் முழுக்கைச் சட்டை. எனவேதான் அரைகுறைப் பதில்.

ஆம்ப்ரோஸ் அறிந்தது அரைகுறையை மட்டுமே. எடை ஏறவில்லை, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, டப்பா டப்பாவாகச் சத்துமாவு செல்கிறது. அவன் போன பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டில் எழுதினார்: 'மர்பி டவுன் நான்காம் குறுக்குத் தெரு, ஜோசஃபின் மகன் கில்பர்ட், நெஞ்சுநோயும் மெலிவும் நீங்க.'

அந்த ஞாயிற்றுக்கிழமை கில்பர்ட்டும் தாயும் காலை ஆறு மணித் திருப்பலிக்குப் போய்விட்டு வீடு திரும்பியிருந்தார்கள். சீட்டு வாசிக்கப்பட்டது எட்டு மணித் திருப்பலியில். ஒரு ஞானஸ்நானத்துக்காக விவேக் நகரிலிருந்து வந்திருந்த அல்போன்சா நடுவரிசையில் அமர்ந்திருந்தாள். லவினாவின் தந்தை மைக்கேல்ராஜுக்கு அவள் மூத்த அக்காள். ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது ஆண்டுகள் ஆயாவாக இருந்து ஓய்வுபெற்றவள். கில்பர்ட்டின் பெயர் காதில் விழுந்ததும் அவளுடைய கையிலிருந்த செபமாலை நின்றுவிட்டது. மன்றாட்டுக்குப் பதில் சொல்லவும் மறந்தாள்.

குளத்தில் படுத்திருந்த எருமை ஒன்று கரையில் ஒரு குதிரை வந்து நிற்பதைக் கண்டதாம். குதிரையின் விலாப்புறம் ஏறியிறங்கிற்று, மேனி முழுவதும் வியர்வை, வாயில் நுரை. காய்ச்சல் கண்டாலன்றி அப்படி மூச்சிரைத்து அறியாத எருமை, 'ஐயோ, இதற்கு இறுதி நெருங்கிவிட்டதே' என்று இரங்கிக் கொக்கிடம் சொல்லிற்று. கொக்கு காக்கையிடம் சொல்லிற்று. மாலையில் துக்கம் கேட்க வந்த காக்கைகளைக் கண்டு திகைத்த குதிரை, தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகக் காட்டைச் சுற்றி ஒருமுறை முழு வேகத்தில் ஓடி வந்து நின்றது. 'பாருங்கள், முன்னைக் காட்டிலும் மிகுதியாக இரைக்கிறது' என்றன காக்கைகள். எருமையின் இரக்கத்தில் குற்றமில்லை. அது ஒருநாளும் ஓடியதில்லை என்பதே குற்றம்.

செவ்வாய்க்கிழமை அல்போன்சா மருந்துக்கடைக்கே வந்துவிட்டாள். கில்பர்ட்டின் வீட்டுக்கு அடுத்திருந்த மருந்துக்கடை அதுவொன்றே என்று விசாரித்து வந்திருந்தாள்.

"அண்ணே, ஜோசஃபின் மகன் இங்கேதானே மருந்து வாங்குறான்? என்ன வாங்குறான்னு சொல்லுங்க. எங்க பொண்ணைக் குடுக்கறோம். ஒளிக்காம சொல்லணும்."

ஆம்ப்ரோஸ் மேல்தட்டைக் காட்டினார்.

"இதா? இது காசநோய் வார்டுல குடுக்கற சாமானாச்சே."

செய்தித்தாளின் பின்னாலிருந்து ஜெயராமன் பேசினார். "காசநோய்க்கு நல்லதும்மா. ஆனா கிட்னியைத் தின்னுடும். என் சகலையோட பையன் இதைத்தான் ஆறு மாசம் தின்னான்."

"கிட்னி போயிடுச்சா?"

"அவன் துபாய் போயிட்டான். போயிருக்கும்னுதான் நினைக்கிறேன்."

தைலம் வாங்க நின்றிருந்த ஆட்டோக்காரர் ஒருவர், "கிட்னியா? அதுல குதிரைக்குப் போடற ஊசிமருந்தைக் கலக்கறாங்க சார். உடம்பு பலூன் மாதிரி ஊதும். நிறுத்தினா காத்து இறங்கிடும். அப்புறம் பிள்ளையே தங்காது" என்றார்.

"பிள்ளை பெத்தவங்களுக்கு அதைத்தானேப்பா குடுக்கறோம்?" என்று ஆம்ப்ரோஸ் குழம்பிப்போய்க் கேட்டார்.

"அது பெத்த அப்புறம்தானே சார். அப்ப ஆபத்தில்ல."

அந்த விடையில் எங்கோ பிழை இருப்பதாக ஆம்ப்ரோஸுக்குப் பட்டது. எங்கே என்று தெரியவில்லை. தம் கையாலேயே நூற்றுக்கணக்கில் எடுத்துக் கொடுத்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதும் தமக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் அல்போன்சா அதற்குள் படியிறங்கிப் போயிருந்தாள்.

அடுத்த ஞாயிறு மாலை மைக்கேல்ராஜும் அல்போன்சாவும் ஜோசஃபின் வீட்டுக்கு வந்தார்கள். கோயிலில் ஓலைக்குப் பெயர் கொடுப்பதைப் பற்றிப் பேசத்தான் வருகிறார்கள் என்று ஜோசஃபின் எண்ணினாள். மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறுகள் கோயிலில் வாசித்து, தடை உண்டானால் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பதே ஓலை. அது முடிந்தால்தான் திருமண நாள் குறிக்க முடியும். கணவரை இழந்தவளாகையால், தெருவில் பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும் என்று ஆம்ப்ரோஸையும் அழைத்திருந்தாள்.

பெண்வீட்டார் முன்பு பரிசளித்த அரைக்கைச் சட்டையை அணிந்துகொண்டு கில்பர்ட் காப்பி கொண்டுவந்தான். அவனை மெலிந்தவன் என்று எண்ணி வாங்கிய சட்டை அது. கைப்பகுதி தோளுக்குக் கீழே இறுகிப் பிடித்திருந்தது. சட்டைக்கு வெளியே திரண்டிருந்த புயங்களைக் கண்டு ஆம்ப்ரோஸ் காப்பியை உறிஞ்ச மறந்தார். சாகக்கிடப்பதாகத் தாம் அழுத பையன் இவன்தானா? பிறகு அவருக்கு ஒரு விளக்கம் தோன்றிற்று: வீக்கம்.

அதே விளக்கம் அல்போன்சாவுக்கும் தோன்றியிருக்கவேண்டும்.

"இருமல் எப்படி இருக்கு தம்பி?"

"இருமலா? இல்லியே ஆன்ட்டி."

"இப்படி வா, கையைக் குடு."

அவன் கையை நீட்டினான். அல்போன்சா கட்டைவிரலால் முன்னங்கையை அழுத்தி, எடுத்து, உற்றுப் பார்த்தாள்.

"குழி விழல."

"விழணுமா ஆன்ட்டி?"

"நீர் கோத்திருந்தா விழும். முப்பது வருஷம் பார்த்திருக்கேன்." மறுபடியும், இம்முறை புயத்தில், எழுந்து நின்று முழுப் பலத்தோடு அழுத்தினாள். கில்பர்ட் மரியாதைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கடித்ததில் புயம் இன்னும் இறுகியது. "கல்லு மாதிரி இருக்கு மைக்கேலு. உள்ளே உறைஞ்சே போச்சு."

மைக்கேல்ராஜ் துக்கத்தோடு தலையசைத்தார்.

ஜோசஃபினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன பாக்கறீங்க? எதுக்கு அழுத்தறீங்க?"

"அம்மா, மறைக்கவேண்டாம்" என்றார் மைக்கேல்ராஜ். "போன வாரம் கோயில்லயே வாசிச்சாங்களாம், உங்க மகனுக்கு நெஞ்சுநோய்னு. இவர் கடையில டப்பாவையும் அக்கா பார்த்துட்டு வந்தாங்க."

"நெஞ்சுநோயா? அது ஜிம்முக்குச் சாப்பிடறது அங்கிள்" என்று கில்பர்ட் உண்மையைப் போட்டு உடைத்தான். "எடை தூக்கறேன். அம்மா சொல்லவேணாம்னாங்க."

"மாட்டிக்கிட்டதும் ஜிம்முங்கறியே தம்பி" என்றாள் அல்போன்சா. "நோவுக்காரன் சாப்பிடறதைத் தின்னுட்டு எவன் எடை தூக்குவான்?"

ஜோசஃபின் எழுந்துவிட்டாள். "எந்தப் பாவி எழுதிப் போட்டான்? அண்ணே, நீங்க எட்டு மணிப் பூசைக்குத்தானே போறீங்க? கேட்டிருப்பீங்களே. யார் எழுதினதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அறையில் நால்வரும் ஆம்ப்ரோஸைப் பார்த்தனர். நான்தான் என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். ஆனால் நோய் உண்மையாக இருந்தால் சொல்லி என்ன பயன், இல்லையென்றால் எந்த முகத்தோடு சொல்வது என்று இரு பக்கமும் எண்ணி, "தெரியலம்மா" என்றார்.

மைக்கேல்ராஜ் எழுந்தார். "ஓலையைக் கொஞ்சம் தள்ளிவெப்போம்மா. பாத்துக்கலாம்."

தள்ளிவைத்த ஓலை திரும்ப வராது என்பதை ஜோசஃபின் அறிவாள். லவினாவோடு இருமுறைதான் பேசியிருந்தாலும், இரு முறையும் நேரம் போனதே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்த கில்பர்ட்டும் அறிவான். அவன் மறுநாளே ஒரு டாக்டரிடம் போனான். நெஞ்சைப் படம் பிடித்து, இரத்தமும் சோதித்து, பூரண நலம் என்று அவர் எழுதிக்கொடுத்த சான்றிதழை விவேக் நகருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். "நல்லா இருக்கறவன் நான் நல்லா இருக்கேன்னு எதுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கணும்?" என்று அல்போன்சா கேட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நண்பகல், கில்பர்ட் மருந்துக்கடைக்கு வந்தான். டப்பா கேட்கவில்லை. சான்றிதழின் நகலைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான்.

"படிச்சுப் பாருங்கண்ணே. டாக்டர் சிரிக்கிறார். கிட்னி கெட்டவங்கதான் அளவு பார்த்துச் சாப்பிடணுமாம். நல்லா இருக்கறவனுக்கு அளவோட சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாதாம். ஆனா நான் தின்ன ஒன்பது ஸ்பூன்ல பாதி வீண்தானாம். இதை யார்கிட்ட சொன்னாலும் பாவம்னு என் முதுகைத் தடவறாங்க."

ஆம்ப்ரோஸ் படித்தார்.

"எழுதிப் போட்டவன் யாருன்னு தெரிஞ்சா அடிக்கமாட்டேன்ணே. கால்ல விழுந்து கேப்பேன், நீயே வந்து அவங்ககிட்டச் சொல்லுன்னு. வேற யார் சொன்னாலும் நம்பமாட்டாங்க."

அவன் போன பிறகு ஆம்ப்ரோஸ் ஏணியில் ஏறி டப்பாவை இறக்கினார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, பின்புறத்திலிருந்த பொடி எழுத்துகளை முதன்முறையாக வாசித்தார். பாலின் புரதம், கோகோ, சர்க்கரை, சில வைட்டமின்கள். எந்த நோயின் பெயரும் அதில் இல்லை. நெஞ்சுநோய் என்பது அவர் மனத்திலிருந்தே வந்த சொல்.

மாலை ஆறு மணிக்கு அவர் கில்பர்ட் போகும் ஜிம் எதுவென்று விசாரித்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நின்றவரைக் கண்டு ஓர் இளைஞன் வழிவிட்டான். அவன் மூச்சு பயங்கரமாக இரைத்தது.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?" என்று ஆம்ப்ரோஸ் கவலையோடு கேட்டார்.

"நேத்து போட்டதுல நெஞ்சு சரியான வலி அங்கிள்" என்றான் அவன், பரிசு வாங்கினவன்போல.

உள்ளே ஏழெட்டுப் பேர் அதே இரைப்போடும் அதே வலியோடும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். மூலையில் ஒருவன் நோயாளியின் டப்பாவிலிருந்து பொடியைப் பாலில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் ஸ்ரீகண்டன், ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இது என்ன மருந்து மாஸ்டர்?"

"மருந்தா? பால் சார். கொழுப்பையெல்லாம் எடுத்துட்டு மிச்ச சத்தைக் காயவெச்ச பொடி. பருப்பு, முட்டை, பால் ஒழுங்காச் சாப்பிடறவனுக்கு இது வேணும்னே இல்ல. நான் கடலையும் ராகி முத்தேக் களியும் தின்னு வளர்ந்தவன்."

"அப்புறம் ஏன் வாங்கச் சொல்றீங்க?"

ஸ்ரீகண்டன் குரலைத் தாழ்த்தினார். "சொல்லலைன்னா இந்த மாஸ்டருக்கு ஒண்ணும் தெரியலைன்னு வேற ஜிம்முக்குப் போயிடறானுங்க சார்."

"கில்பர்ட்டுக்கு எடை ஏறலையே?"

"எப்படி ஏறும்? டப்பா இருக்கேன்னு சோத்தைக் குறைச்சுட்டான். பவுடரே கையில போய் ஒட்டிக்கும்னு நினைப்பு. சொன்னா கேக்கறானா?"

ஆம்ப்ரோஸ் திரும்பி நடந்தார். ஒரே பொடி, அல்போன்சாவுக்கு அது நோயின் அடையாளம், ஜெயராமனுக்கு விஷம், கில்பர்ட்டுக்கு மந்திரம். பாலென்று அறிந்திருந்த மாஸ்டரோ வாயை மூடிக்கொண்டிருந்தார். எதை யாரிடம் எப்படிச் சொன்னால் எல்லாம் நேராகும் என்று அவருக்குப் புலப்படவில்லை. தாம் செய்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் பஸ் பிடித்து விவேக் நகருக்குப் போனார். மைக்கேல்ராஜின் வீட்டுக் கூடத்தில் நின்றபடியே சொன்னார்.

"சார், அந்தச் சீட்டை எழுதினவன் நான். எனக்கு யாரும் சொல்லல. அந்தப் பையன் டப்பா வாங்கறதைப் பார்த்து நானா முடிவு பண்ணி எழுதினேன். அவனுக்கு ஒரு நோயும் இல்ல."

மைக்கேல்ராஜ் அக்காளைப் பார்த்தார். அல்போன்சா பரிவோடு சிரித்தாள்.

"உட்காருங்கண்ணே. ஒரே தெருக்காரங்க. அந்தம்மா அழுதிருப்பாங்க, உங்களுக்கு மனசு கேக்கல. பழியைத் தலையில போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. நல்ல மனுஷன்."

"இல்லம்மா. உண்மையாவே நான்தான்."

"மருந்தைப் பார்த்தே நோயைச் சொல்றவர்னு உங்களைப் பத்தி மர்பி டவுனே சொல்லுது. நீங்களே எழுதியிருந்தா அது இன்னும் நிச்சயம்தானே?"

சீட்டை எழுதவில்லையென்றால் அவர் நல்லவர், எழுதியிருந்தால் வல்லவர். இரண்டிலும் கில்பர்ட் நோயாளி.

உள்ளறையின் திரையை விலக்கிக்கொண்டு லவினா வந்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அவங்கம்மா உங்களைக் கேட்டாங்களாமே, யார் எழுதினதுன்னு. என்ன சொன்னீங்க?"

"தெரியலைன்னு சொன்னேம்மா."

"ஏன்?"

அவர் தரையைப் பார்த்தார். "பயம். தப்பாயிருந்தா என் பேர் கெட்டுடும்னு. இத்தனை வருஷமா இப்படித்தான் யாருக்கும் தெரியாம எழுதிப் போட்டுக்கிட்டிருக்கேன். இதுல பெருமை வேற எனக்கு. ஜிம்முக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே எல்லாருக்கும் மூச்சு வாங்குது, எல்லாருக்கும் நெஞ்சு வலிக்குது. எல்லாரும் நல்லா இருக்காங்க. எனக்கு ஒண்ணுமே தெரியலைம்மா. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

லவினா தந்தையின் பக்கம் திரும்பினாள். "அப்பா, கில்பர்ட்டைக் காப்பாத்தப் பொய் சொல்ல வந்திருந்தா, நான் பயந்துட்டேன், பொய் சொன்னேன்னு தன்னையே இவர் ஏன் அசிங்கப்படுத்திக்கணும்? எனக்கு இவர் சொல்றதுல நம்பிக்கை இருக்கு. டாக்டர் சொன்னதுலயும் இருக்கு."

"கை கல்லு மாதிரி இருந்ததேடி" என்றாள் அல்போன்சா. ஆனால் குரலில் பழைய உறுதியில்லை.

"எடை தூக்கினா அப்படித்தான் அத்தை இருக்கும்." பிறகு ஆம்ப்ரோஸிடம், "எங்ககிட்டச் சொன்னா போதாது அங்கிள். பொய் சொன்னது அவங்கம்மாகிட்டத்தானே? அங்கே வந்து சொல்லுங்க. நாங்களும் வர்றோம்" என்றாள்.

இரண்டு ஆட்டோக்களில் அவர்கள் மர்பி டவுனுக்கு வந்தார்கள். நான்காம் குறுக்குத் தெருவில் குழாயடியில் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தனர். ஆம்ப்ரோஸுக்குப் பின்னால் பெண்வீட்டாரைக் கண்ட ஜோசஃபின் பதற்றத்தோடு கதவை அகலத் திறந்தாள்.

"உள்ளே வாங்கண்ணே."

"இல்லம்மா. சொல்லிட்டு, அப்புறம் நீங்க கூப்பிட்டா வர்றேன்." குழாயடியில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி அவர் குரலை உயர்த்தினார். "கில்பர்ட்டுக்கு நெஞ்சுநோய்னு எழுதிப் போட்டவன் நான்தான். நானா நினைச்சுக்கிட்டு எழுதினேன். நீங்க கேட்டப்போ தெரியாதுன்னு பொய்யும் சொன்னேன். தப்பு என்னுது. மன்னிக்கணும்."

"இருபது வருஷமா அண்ணன்னு கூப்பிட்டேனே" என்றாள் ஜோசஃபின். ஆம்ப்ரோஸ் தலை குனிந்து நின்றார், விலகிப் போகவுமில்லை.

கில்பர்ட் தாயின் பின்னால் வந்து நின்றான். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று அவனுக்கும் தெரியவில்லை. "அண்ணே, எனக்கு நோயில்லைன்னு நீங்களாவது இப்ப நம்பறீங்களா?"

"நம்பறேன்ப்பா."

"சரி" என்றான். அவன் பார்வை லவினாவிடம் சென்றது. அவள் அவனுடைய கையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள்.

மைக்கேல்ராஜ் தொண்டையைச் செருமினார். "ஃபாதர் நாலு மணிக்கு ஆபீஸ்ல இருப்பார். ஓலைக்குப் பேர் குடுத்துடலாம்மா. நாங்க குடுத்த அந்தச் சட்டையும் வேணாம் தம்பி, பெரிசா ஒண்ணு எடுத்துத் தர்றோம்."

ஜோசஃபின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணே" என்று ஆம்ப்ரோஸை மீண்டும் அழைத்தாள். அவர் ஏறவில்லை. "வர்றேம்மா. கோயில்ல கேட்டவங்க இந்தத் தெருவுல நிறைய பேர் இருக்காங்க. ஒவ்வொரு வீடாச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று அடுத்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த பெண் முழுவதையும் கேட்டாள். இருமுறை கேட்டாள். பிறகு, "அப்போ அந்தப் பவுடர் நல்லதா, கெட்டதா அண்ணே?" என்றாள்.

"பால்பொடிம்மா. அதைப் பத்திச் சாவகாசமாச் சொல்றேன். கில்பர்ட்டுக்கு நோயில்ல, தப்பா எழுதினது நான், இப்போதைக்கு இதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஆம்ப்ரோஸ் அதற்கடுத்த வீட்டுப் படியில் ஏறினார்.